மான்கறி நூடுல்ஸின் கலோரிக் கணக்கு

மான் இறைச்சி போட்டு நூடுல்ஸ் செய்தேன் என்று சொன்னால் யாரும் முதலில் ருசியைக் கேட்பதில்லை. "அதில் கொழுப்பே இல்லையாமே?" என்றுதான் கேட்கிறார்கள். குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் சாப்பிடுவது மான் இறைச்சியை மட்டுமா? அதோடு நூடுல்ஸும் எண்ணெயும் ரெண்டு மூன்று பாட்டில் சாஸும் சேர்ந்துதானே தட்டுக்கு வருகிறது. கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். வரவைக் காட்டிச் செலவை மறைக்கிற கணக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

எங்கள் வீட்டில் இந்த உணவுக்கு இரண்டு கட்சி. எனக்கு ஃபெரிட்டின், அதாவது உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற அளவு, குறைவு, அதனால் இரும்புச்சத்து எங்கே கிடைக்கும் என்று பார்ப்பேன். என் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம், அதனால் அவர் தட்டில் உப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரே வாணலியில் இரண்டு பேருக்கும் நியாயம் செய்தாக வேண்டும்.

இறைச்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கொழுப்பு நீக்கிய பச்சை மான் இறைச்சி 100 கிராமில் சுமார் 120 கலோரி, 23 கிராம் புரதம், இரண்டரை கிராம் கொழுப்பு. நூற்றுக்கு 20 பங்கு கொழுப்பு உள்ள மாட்டுக் கொத்துக்கறி அதே எடைக்கு 250 கலோரியைத் தொடும், புரதமோ 17 கிராம்தான். மான் இறைச்சியில் இரும்பு 3.4 மில்லிகிராம், வைட்டமின் பி12 ஆறு மைக்ரோகிராமுக்கு மேல். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 வெறும் 2.4 மைக்ரோகிராம் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு தாராளம் என்று புரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கொலஸ்ட்ரால் குறைவில்லை, 85 மில்லிகிராம். கொழுப்பு குறைவென்றால் கொலஸ்ட்ராலும் குறைவாக இருக்கும் என்று பலர் தானாகவே சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்த எண்களெல்லாம் முழுத்துண்டு இறைச்சிக்குத்தான். கொத்துக்கறியாக வாங்கினால் கதை மாறலாம். மான் இறைச்சியை அப்படியே அரைத்தால் வறண்டு உதிரும் என்பதால் பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ கலந்து அரைப்பது வழக்கம். என்ன கலந்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். லேபிளில் கொழுப்பு ஏழு, எட்டு கிராம் என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அடுத்து நூடுல்ஸ். இங்கேதான் கணக்கு அதிகம் குழம்புகிறது. பாக்கெட்டில் எழுதியிருப்பது உலர்ந்த எடைக்கு, நாம் தட்டில் பார்ப்பது வெந்த எடை. உலர்ந்த முட்டை நூடுல்ஸ் 100 கிராமுக்கு 380 கலோரிக்குக் கொஞ்சம் மேல். வெந்தது 138. மந்திரமெல்லாம் இல்லை, தண்ணீர் ஏறியதுதான். அதனால் வேகவைக்கும் முன்பே தராசில் வைத்துவிடுவேன், ஆளுக்கு 75 கிராம். அது வெந்து 200 கிராமுக்குச் சற்று மேல் வரும், ஒரு ஆளுக்குத் தாராளம். இதிலேயே 290 கலோரி. கூடவே போகும் 125 கிராம் மான் இறைச்சியின் 150 கலோரியைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் கட்டியைப் போட்டால் இன்னும் ஏறும், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை எண்ணெயில் பொரித்து உலர்த்தப்பட்டவை.

எண்ணெய் ஆளுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் 120 கலோரி, 14 கிராம் கொழுப்பு. குடைமிளகாய், கேரட், ப்ரோக்கோலி எல்லாம் சேர்ந்து 50, 60 கலோரிதான், விட்டுத்தள்ளுங்கள். மொத்தம் கூட்டினால் ஒரு தட்டு சுமார் 620 கலோரி. புரதம் 43 கிராம், மாவுச்சத்து 67, கொழுப்பு 20 சொச்சம். அந்த இருபதில் இறைச்சியிலிருந்து வந்தது மூன்றே மூன்று கிராம். பார்த்துப் பார்த்துக் கொழுப்பில்லாத இறைச்சி வாங்கி வந்து, அடுப்படியில் நின்று பாட்டிலைச் சாய்க்கிறோம்!

சரி, உப்புக்கு வருவோம். மான் இறைச்சியில் சோடியம் 100 கிராமுக்கு 50 மில்லிகிராம் அளவில்தான். சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனில் 900 மில்லிகிராம் வரை இருக்கும். ஆய்ஸ்டர் சாஸ் அரை டேபிள்ஸ்பூன் சேர்த்தால் இன்னொரு 250. தனியாக ஒரு சிட்டிகை உப்பு போடாமலேயே ஒரு தட்டில் 1,200 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வேளையிலேயே பாதிக்கு மேல் போய்விட்டால் மிச்ச வேளைகளில் என்ன சாப்பிடுவது?

நான் செய்வது இதுதான். சோயா சாஸை ஆளுக்கு ஒரு டீஸ்பூனாகக் குறைத்துவிட்டு, ஆய்ஸ்டர் சாஸை விட்டுவிட்டு, இஞ்சி, பூண்டு, மிளகு, கடைசியில் நிறைய எலுமிச்சைச் சாறு. அந்த ஒரு டீஸ்பூனையும் இறைச்சியில் ஊறவைத்து வீணாக்க மாட்டேன். அடுப்பை அணைக்கும் முன் வாணலியின் ஓரத்தில் ஊற்றினால் அது சுர்ரென்று பொங்கி வாசனை தூக்கும், குறைந்த சாஸிலேயே நாக்குக்கு உப்பு தெரியும். வீட்டுக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். இப்போது சாஸ் பாட்டிலைத் தேடுவதில்லை.

எலுமிச்சையும் குடைமிளகாயும் என் கட்சிக்கும் உதவி. இறைச்சியில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் வகை. உடல் அதை எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். நூடுல்ஸிலும் காய்கறியிலும் உள்ள இரும்பு அப்படியல்ல, அதற்கு வைட்டமின் சி துணை வேண்டும். அதே வாயில் இறைச்சியும் இருந்தால் காய்கறி இரும்பும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும். சிவப்புக் குடைமிளகாய் பாதி போட்டால் வைட்டமின் சி 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சூட்டில் கொஞ்சம் போகும் என்பதால் அதைக் கடைசியில் போட்டு ஒரு புரட்டு புரட்டினால் போதும். சாப்பிட்டவுடன் டீயோ காபியோ வேண்டாம், அவை இரும்பைத் தடுக்கும். இது எனக்குத்தான் கஷ்டம்.

சமைக்கும் முறையும் எண்ணெய்க் கணக்கோடு சம்பந்தப்பட்டதுதான். கொழுப்பில்லாத இறைச்சி கொஞ்சம் அதிகமாக வெந்தாலே ரப்பராகிவிடும், அதை மறைக்கத்தான் கூடுதல் எண்ணெயும் சாஸும் தேவைப்படுகின்றன. அதனால் இறைச்சியைப் பாதி உறைந்த நிலையில் எடுத்து, இழைக்குக் குறுக்கே, கத்தி நழுவாமல் எவ்வளவு மெல்லியதாக வருமோ அவ்வளவு மெல்லியதாகச் சீவுகிறேன். ஒரு ஸ்பூன் சோளமாவு, கொஞ்சம் முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பிசறிவைத்தால் துண்டின் மேல் வழுவழுப்பான போர்வை மாதிரி ஒரு படலம் வரும். புகையும் வாணலியில் பரப்பி, கிளறாமல் விட்டு, அடிப்பக்கம் நிறம் மாறியதும் திருப்பி எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். நூடுல்ஸ் தயாரானதும் மறுபடி சேர்த்தால் போதும். கொத்துக்கறி என்றால் இந்த அவசரம் கூடாது, உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரை வேக வேண்டும்.

இவ்வளவு நல்லதென்றால் தினமும் சாப்பிடலாமா? எனக்கு வந்த கேள்விகளில் இதுவும் ஒன்று. மானும் சிவப்பிறைச்சிதான். சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம், அதில் மானுக்கு விலக்கு கிடையாது. 125 கிராம் பச்சை இறைச்சி வெந்து 90 கிராம் சொச்சம் ஆகும், நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். யூரிக் அமிலம் அதிகமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், உடலில் யூரிக் அமிலமாக மாறுகிற ப்யூரின் இதில் குறைவில்லை. அப்புறம், ஈயக் குண்டால் வேட்டையாடிய இறைச்சியில் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் இருக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் பண்ணையில் வளர்த்து, முறைப்படி விற்கிற மான் இறைச்சி மட்டும் போதும்.