கேஸ்கேட் ஆஸ்டர்: விதையிலிருந்து முதல் பூ வரை

அமெரிக்காவின் மவுண்ட் ரெய்னியர் மலையின் தெற்குச் சரிவில் உள்ள பாரடைஸ் புல்வெளிகளில், கோடை முடியப்போகும் வேளையில் ஊதா நிறத்தில் பூப்பது கேஸ்கேட் ஆஸ்டர். தாவரவியல் பெயர் யூசெஃபாலஸ் லெடோஃபில்லஸ். வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வடக்குக் கலிபோர்னியா வரை, கேஸ்கேட் மலைத்தொடரின் புல்வெளிகளிலும் மரங்கள் நெருங்காத காடுகளிலும் பல ஆண்டுகள் வாழும் செடி இது. பழைய கையேடுகளில் ஆஸ்டர் பேரினத்தில்தான் இருக்கும். கை நெசம் (Guy Nesom) என்ற தாவரவியலாளர் அமெரிக்க ஆஸ்டர்களை 1994-இல் மறுவகைப்படுத்திய பிறகு யூசெஃபாலஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மலையடிவாரச் சமவெளியில், என் வீட்டுத் தொட்டியில் இதை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. பாரடைஸ் இருப்பது தேசியப் பூங்காவில். அங்கே ஒரு விதையைக்கூடப் பொறுக்கக் கூடாது. அந்தத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மிதிபட்ட மலைப் புல்வெளி மீண்டு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே நாட்டுச் செடி விதைகளை விற்கும் ஒருவரிடம் வாங்கிக்கொண்டேன்.

விதைப்பதற்கு முன் விதைகளைத் தரம் பிரிப்பது முக்கியம். விதை நுனியில் இருக்கும் முடிக்குஞ்சத்தோடு பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். நகத்தால் மெல்ல அழுத்தினால் பதர் தட்டையாகிவிடும், முற்றிய விதை எதிர்த்து நிற்கும். தேறியவற்றில் ஒரு பாதியை ஈரமான காகிதத் துணியில் மடித்து, குளிர்காலத்துக்குப் பதிலாகக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மாதங்களுக்கு மேல் வைத்தேன். மறு பாதியைத் தட்டில் தூவி, மேலே மெல்லிய சரளை மட்டும் போட்டு, குளிர்காலம் முழுவதும் வெளியே விட்டுவிட்டேன். பெட்டியில் இருந்தவை ஒரே நேரத்தில் முளைத்தன. தண்டு மெலிந்து, வெளிச்சத்துக்காக நீண்டன. வெளியே இருந்தவை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வந்தன, ஆனால் குட்டையாகவும் திடமாகவும் இருந்தன. இனி எனக்கு வெளித்தட்டுதான்.

வசந்தகாலத்தில் ஓடில்லா நத்தைகளோடு ஓயாத போராட்டம். இரவில் டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்கி எடுப்பதைவிட நம்பகமான வழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் கோடையில் மண்ணுக்கு மேலே சில இலைகள், அவ்வளவுதான். ஆனால் தொட்டி மாற்றும்போது பார்த்தால், விரல் நீளம்கூட இல்லாத செடியின் வேர்கள் தொட்டியின் அடியைத் தொட்டு வளைந்திருந்தன! அன்றிலிருந்து இதற்கு உயரமான தொட்டிதான். மண் கலவையில் பாதிக்கு மேல் எரிமலை நுரைக்கல்லும் சரளையும் சேர்த்தேன்.

சமவெளியில் இந்தச் செடியைக் கொல்வது குளிரல்ல, குளிர்கால ஈரம் என்பதுதான் என் முடிவு. பாரடைஸில் 1971–72 பனிக்காலத்தில் மொத்தம் 28.5 மீட்டர் பனி விழுந்திருக்கிறது. அத்தனை பனி மூடிக்கிடந்தால் அடியில் மண்ணின் வெப்பநிலை அதிகம் மாறாது. உருகும்வரை வேர் அமைதியாக உறங்கும். இங்கேயோ மாதக்கணக்கில் மழை. தொட்டியைக் கூரை விளிம்புக்கு அடியில் நகர்த்தி, மண் காய்ந்தும் காயாமலும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். தண்டுகள் முழுவதும் பட்டுப்போய், தொட்டி வெறுமையாகக் கிடந்தது. அப்போது தூக்கி எறிந்துவிடாதீர்கள். வசந்தத்தில் தண்டடியிலிருந்து புது முளைகள் கிளம்பின.

அந்த ஆண்டுதான் செடி தன் அடையாளத்தைக் காட்டியது. கீழ் இலைகள் செதில்போலச் சுருங்கிக் காய்ந்துவிட, நடுத்தண்டின் இலைகள் மேலே பச்சை. திருப்பினால் பஞ்சு படர்ந்த சாம்பல் நிறம். ஜூலை கடைசியில் முதல் பூத்தலை, அதாவது ஒரே பூப்போலத் தெரியும் சிறுபூக்களின் கூட்டம், விரிந்தது. ஓரத்தில் இதழ்போல நீளும் கதிர்கள் குறைவு, ஒன்றுக்கொன்று இடைவெளியும் சீராக இல்லை. அந்த ஒழுங்கின்மைதான் எனக்கு இதன் அழகு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் நடுவட்டைப் பார்த்தால், வெளி வளையத்துச் சிறுபூக்கள் முதலில் திறக்கின்றன. மகரந்தப்பைகள் ஒன்றாக ஒட்டிய குழாய்க்குள் சூல்தண்டு மேலே ஏறி, சிரிஞ்சின் தண்டு மருந்தைத் தள்ளுவதுபோல மகரந்தத்தை வெளியே தள்ளுகிறது. அதன் பிறகே அதன் நுனி இரண்டாகப் பிளக்கிறது. நாளுக்கு நாள் இந்த வேலை நடுவை நோக்கி நகர்கிறது. ஒரு காலைப்பொழுது முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மலையில் இதே நிறத்தில் எரிஜெரான் டெய்சிகளும் பூக்கும். பூத்தலையின் அடிப்புறத்தைப் பாருங்கள்: எரிஜெரானில் பச்சைச் செதில்கள் பெரும்பாலும் ஒரே நீளம், இதில் வெவ்வேறு நீளத்தில் அடுக்கடுக்காக இருக்கும். எரிஜெரானின் கதிர்களும் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம்.

செப்டம்பரில் குஞ்சங்கள் விரிந்தன. நகச் சோதனையில் பெரும்பாலானவை பதர்தான். என் செடிகள் ஒரே நேரத்தில் பூக்காமல், ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்குப் போகாததால் இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதனால் எல்லாத் தொட்டிகளையும் ஒரே வெயிலில் நெருக்கமாக வைத்திருக்கிறேன். தேறிய சில விதைகள் வெளித்தட்டில் விதைக்கப்பட்டுவிட்டன.