கல்லூரியில் படிக்கும் மகனுக்காகக் கல்வி வரிச்சலுகை கோரிய அனுபவம்

2023-ஆம் ஆண்டுக்கான எங்கள் அமெரிக்க வரிக் கணக்கை மின்வழியில் அனுப்பிய மறுநாளே அது திருப்பி அனுப்பப்பட்டது. மகனுடைய சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) வேறொரு வரிக் கணக்கில் ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டதாகக் காரணம் சொல்லப்பட்டிருந்தது. நியூ ஜெர்சியில் இளங்கலை படிக்கும் அவனுக்கு அப்போது 20 வயது. முழுநேர மாணவன், 24 வயதுக்குட்பட்டவன், தன் செலவில் பாதிக்கு மேல் தானே ஏற்காதவன் என்பதால், விடுதியில் தங்கியிருந்தாலும் சட்டப்படி அவன் எங்கள் டிபென்டன்ட்தான், அதாவது வரிக் கணக்கில் எங்களைச் சார்ந்தவனாக நாங்கள் காட்டக்கூடியவன். ஆனால் பகுதிநேர வேலையில் ஈட்டிய 4,600 டாலருக்குப் பிடித்த வரியைத் திரும்பப் பெறுவதற்காக, பிப்ரவரியிலேயே தன் கணக்கைத் தானே அனுப்பியிருந்தான். சாப்பாட்டு மேசையில் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். ‘வேறொருவர் உங்களை டிபென்டன்டாகக் காட்டலாம்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது; அதாவது, தன்னை யாரையும் சாராதவனாகக் காட்டியிருந்தான்.

அவன் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தக் கணக்கு அனுப்பியாக வேண்டும் என்றான பிறகு, எங்கள் கணக்கையும் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். அதில்தான் பயன் கிடைத்தது. பல்கலைக்கழகம் தந்த 1098-டி படிவத்தில் கட்டிய கட்டணம் 11,400 டாலர், உதவித்தொகை 9,000 டாலர். மீதி 2,400 டாலருடன், ரசீது வைத்திருந்த 480 டாலர் பாடநூல் செலவையும் சேர்க்கலாம். விடுதி வாடகையையும் உணவையும் சேர்க்க முடியாது. கல்லூரிச் செலவுக்கான வரிச்சலுகையான அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் முதல் 2,000 டாலருக்கு முழுமையாகவும், அடுத்த 2,000 டாலருக்குக் கால் பங்காகவும் கிடைப்பதால், எங்களுக்கு வரவேண்டியது 2,220 டாலர்.

அவனுடைய உதவித்தொகையைத் தங்கும் செலவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஏதும் இல்லை. விடுதிக் கட்டணத்தையும் அதே ஆண்டில் கட்டியிருந்தோம். எனவே உதவித்தொகையில் 1,120 டாலரை விடுதிச் செலவுக்கு என்று ஒதுக்கி, மகனுடைய திருத்தக் கணக்கில் வருமானமாகக் காட்டினோம். சம்பளத்துடன் சேர்த்து மொத்தம் 5,720 டாலர் ஆகியும் அவனுக்கு வரி விழவில்லை. கட்டணத்திலிருந்து கழிக்க வேண்டிய உதவித்தொகை அந்த அளவு குறைந்ததால், எங்கள் கல்விச் செலவோ 4,000 டாலராக உயர்ந்து, சலுகை முழு 2,500 டாலராயிற்று. உதவித்தொகை பெறும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் இந்த வழியை அறியாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இந்தச் சலுகையைக் கோருவதற்கான படிவம் 8863-ஐ இணைத்து, எங்கள் கணக்கை இம்முறை அச்செடுத்துத் தபாலில் அனுப்பினோம். ரீஃபண்ட் வரச் சில மாதங்கள் ஆயின.

இன்னொன்றையும் அப்போதே முடிவு செய்தோம். 2022 இலையுதிர் பருவத்தில் தொடங்கி 2026 வசந்தத்தில் முடியும் படிப்பு ஐந்து வரியாண்டுகளைத் தொடுகிறது. இந்தச் சலுகையோ ஒரு மாணவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே உண்டு. ஒரே பருவக் கட்டணம், அதுவும் பெரும்பாலும் உதவித்தொகையிலேயே கழிந்துபோன 2022-ஐ விட்டுவிட்டு, மற்ற நான்கையும் கோருவதென்று குறித்து வைத்திருக்கிறோம்.