ஆறாவது படி

சாக நினைப்பவர்கள் பெயர் சொல்லாமல் எழுதும் ஒரு இணையக் குழுவில் நாலு மாதம் இருந்தேன். தூக்கம் வராத இரவுகளில் போனைத் திறந்து "இனி முடியலை" என்று எழுதினால் அங்கே யாரும் பதற மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். "எனக்கும் அப்படித்தான்" என்று ஐந்தாறு பதில் வரும். பொய் சொல்லவில்லை, முதல் சில வாரம் அதுதான் என்னைத் தாங்கியது.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். இன்று கொஞ்சம் தேவலை என்று எழுதினால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. மோசமாக எழுதினால்தான் ஆள் வருகிறது. என்னை அறியாமலே வார்த்தையைக் கூட்டி எழுத ஆரம்பித்தேன். எழுதியதை மனசும் நம்பிவிட்டது. தினமும் வருகிற ஒருவர் ஒரு நாள் வரவில்லை. அவருடைய கடைசிச் செய்திக்குக் கீழே விசாரிப்புகள் நீண்டுகொண்டே போயின. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

அதே வாரம் இன்னொருவர் தனியாக எழுதினார்: "நீங்களும் தயார்னா சொல்லுங்க, சேர்ந்தே முடிச்சுக்கலாம்." எவ்வளவு அன்பாக எழுதியிருந்தார் தெரியுமா? எனக்குக் கை நடுங்கியது. சாக நினைத்த ஆளுக்கு எதற்குப் பயம் என்று அப்போதே தோன்றியது.

அடுத்த அறையில் தூங்கிய அக்காவை எழுப்பினேன். வாய் வரவில்லை, போனை நீட்டினேன். படித்துவிட்டு, "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேட்டாள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் கிளப்பிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. எனக்கோ நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. "ஆமாக்கா" என்றேன். விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தனியாக எழுதியவருக்கும் உதவி எண் ஒன்றை அவளே என் போனிலிருந்து அனுப்பினாள். பதில் இல்லை.

காலையில் மனநல மருத்துவரிடம் போனோம். மாத்திரை முழுசாக வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றார். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் ஆலோசகர் ஒரு தாளை எடுத்தார். பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற உளவியலாளர்கள் வகுத்தது. மொத்தம் 6 படி. முதலில் எச்சரிக்கை அறிகுறிகள், அடுத்து நானாகச் செய்யக்கூடியவை, பிறகு மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், நாலாவது உதவி கேட்கக்கூடிய சொந்தங்கள், ஐந்தாவது மருத்துவரும் உதவி எண்ணும், கடைசியாக ஆபத்தானதைக் கைக்கெட்டாமல் வைப்பது.

அறிகுறி என்ற இடத்தில், "நள்ளிரவில் அந்தக் குழுவைத் திறப்பது" என்று எழுதினேன். ஆலோசகர் எட்டிப் பார்த்தார்.

"அதை ஆறாவதிலும் எழுதிடுங்க."

அங்கேயே, அவர் முன்னாலேயே, குழுவிலிருந்து வெளியேறினேன். இரண்டு வாரம் விரல் தானாக அந்த இடத்துக்கே போனது.

போன மாதம் ஒரு இரவு அந்த எண்ணம் மறுபடி வந்தது. போன் உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். மூன்று படி தாண்டியும் அடங்கவில்லை. நாலாவதற்குப் போய் அக்கா கதவைத் தட்டினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, தலையணையை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள்.