எந்த மாதத்து மேகம்?

மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்த நாளில் வானம் மூடிக்கொண்டால் பந்தல்காரர் முதல் பெண்ணின் தகப்பனார் வரை கலங்கிப்போவார்கள். எனக்கு அது நல்ல வெளிச்சம். முகத்தில் பரவலாக இறங்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் கட்டாது. தொழிலுக்காகப் பார்க்கத் தொடங்கிய மேகம், பிறகு தனியாகவே என்னைப் பிடித்துக்கொண்டது. கல்யாணம் முடிந்து திரும்பும்போது வடுவூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி வானத்தை மட்டும் எடுப்பேன். பகலெல்லாம் பிறர் சந்தோஷத்தை எடுத்தவனுக்கு, தன் மனதில் கிடப்பதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் ஜார்ஜ் ஏரிப் பகுதியில் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். தம் உள்ளத்து அனுபவங்களுக்கு ஈடானவை என்றே அவற்றைக் கருதினார். பல படங்களில் தரையே இல்லை. சிலவற்றில் மேல் எது, கீழ் எது என்றும் தெரியாது. அவரைப் பார்த்துத்தான் நானும் பனைமரம், மின்கம்பம் எல்லாவற்றையும் விலக்கினேன். மேகத்தின் விளிம்பு வெளுத்துப்போகாமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்தேன்.

அப்பா இறந்த கார்த்திகையில் எடுத்த படம் ஒன்று ஸ்டுடியோ சுவரில் இருக்கிறது. தாழ்ந்து தொங்கும் மேகம். அடிப்பகுதி நார்நாராகக் கிழிந்திருக்கும். எங்கும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த கடைமடை விவசாயி ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இது எந்த மாதத்து மேகம், தம்பி?"

"கார்த்திகை, ஐயா."

"சம்பா தூர் கட்டுகிற நேரம். நல்ல மழை பெய்திருக்குமே!" அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பக்கத்தில் பொன் விளிம்போடு இருந்த தை மாதத்து மேகத்தை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அறுப்பு நேரத்து மழையில் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கமாட்டார்கள். தரையைப் படச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டதாக நினைத்திருந்தேன். டெல்டாக்காரர் கண் அதை மேகத்துக்குள்ளேயே பார்த்துவிடுகிறது.

அந்தக் கார்த்திகைப் படத்தைத் தம் வீட்டுக்குக் கேட்டார். எதற்காக எடுத்தது என்று சொன்னேன். "அப்பாவும் சம்பா போட்டவர்தானே?" என்றார். ஆமாம் என்றேன். சட்டம் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு பிரிண்டின் பின்புறமும் தமிழ் மாதத்தை எழுதி வைக்கிறேன்.