26 கிலோ சிப்பமும் மேடைக்கு அடியில் ஒரு சந்தும்

எங்கள் சமையலறையில் அரிசிக்கென்று இருப்பது ஒரே ஒரு சந்துதான். மேடைக்கு அடியில், கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில். பாதி உயரத்தில் ஒரு கடப்பா கல் குறுக்கே ஓடுகிறது. டேப் வைத்து அளந்தால் அகலம் 36 செ.மீ., ஆழம் 60, தரையிலிருந்து கடப்பா கல் வரை 55. மாதச் சிப்பம் இதற்குள் அடங்கியாக வேண்டும். கொஞ்ச காலம் பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டினோம். எலி அதன் மூலையைக் கடித்த பிறகு, எவர்சில்வர்தான் என்று முடிவாகிவிட்டது.

சிப்பம் என்றால் இப்போது 26 கிலோ. 2022 ஜூலையில், பையில் அடைத்து லேபிளோடு விற்கும் அரிசி 25 கிலோவுக்குள் இருந்தால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று வந்தது. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி அடைத்தார்கள், வரி கழன்றது. பாத்திரக்கடைகளில் மட்டும் இன்னும் 25 கிலோ டிரம் என்றுதான் பேச்சு. அந்தக் கிலோவும் விளிம்பு வரை தட்டித் தட்டி நிரப்பினால் வருகிற கணக்கு. அதனால் கடைக்காரர் சொல்லும் கிலோவை விட்டுவிட்டு லிட்டரில் கணக்குப் போட்டேன். புழுங்கலரிசி ஒரு லிட்டருக்குச் சுமார் 800 கிராம் பிடிக்கும். 26 கிலோவுக்கு 32, 33 லிட்டர் வேண்டும். டிரம்மின் குறுக்களவில் பாதியை அதே பாதியால் பெருக்கி, 3.14 ஆலும் உயரத்தாலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். எல்லாம் செ.மீ.யில். போனில் அரை நிமிட வேலை.

கடையில் முதலில் எடுத்து வைத்தது 30 செ.மீ. குறுக்களவும் 46 செ.மீ. உயரமும் உள்ள டிரம். கணக்குக்குச் சரியாக வந்தது, சந்துக்குள்ளும் நுழையும். ஆனால் மூடிக்கு மேலே ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது. மூடியை எடுக்கவே ஒவ்வொரு வேளையும் டிரம்மை வெளியே இழுக்க வேண்டும். அரிசியோடு அதை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும், இடுப்பும் டைல்ஸும் என்ன ஆகும் என்று. அடியில் சக்கரம் வைத்த ஸ்டாண்டு இருக்கிறது என்றார்கள். அது இன்னும் ஏழெட்டு செ.மீ. உயர்த்திவிடும், எனக்கு அந்த உயரமே இல்லை.

அடுத்து சதுர டின். இடம் குறைந்த வீட்டுக்குச் சதுரம்தான் லாபம் என்பது உண்மைதான். 30 செ.மீ. பக்கமுள்ள சதுர டின்னில் 36 செ.மீ. உயரத்திலேயே அதே அரிசி அடங்கிவிடும், பத்து செ.மீ. மிச்சம். கிட்டத்தட்ட வாங்கியே இருப்பேன். உள்ளே விரலை விட்டு மூலையைத் தடவினேன். தகடு மடிந்து ஒட்டிய இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை ஓடியது. தவிட்டு மாவு போய் உட்காரும் இடம் அது. வண்டு அங்கேதான் குடித்தனம் வைக்கும். துணியை எப்படி விட்டுத் துடைத்தாலும் வராது. வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் தோன்றியது, சந்தின் ஆழம் 60 செ.மீ. இருக்கிறதே, ஏன் ஒரே டிரம் வேண்டும்? ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு குட்டை டிரம் வைக்கலாமே. உடம்பு 27 செ.மீ. குறுக்களவு, மூடி விளிம்போடு சேர்த்தால் குறுக்களவு 28, உயரம் 29. ஒன்றில் பதினாறரை லிட்டர், இரண்டிலும் சேர்த்து 33. கைப்பிடிகளைப் பக்கவாட்டில் திருப்பினால் அகலத்திலும் அடங்கியது. கடப்பா கல்லுக்குக் கீழே ஒரு சாணுக்கு மேல் இடம் கிடைப்பதால், டிரம்மை நகர்த்தாமலே மூடியைத் தூக்கி ஆழாக்கால் அள்ளலாம்.

“இரண்டு டிரம்னா காசு ஜாஸ்தி ஆகுமே அக்கா” என்றார் கடைக்காரர். எடைக்குத்தான் விலை, தகடு கூடினால் விலையும் கூடும், நியாயம்தான். அவர் சொல்லாத லாபம் ஒன்று இருக்கிறது. ஒரே டிரம்மில் பழைய அரிசி மேல் புது அரிசியைக் கொட்டிக்கொண்டே இருப்போம், அடி அரிசி வெளிச்சமே பார்க்காது. இரண்டாக இருந்தால் ஒன்றைத் துடைத்துக் காயவைத்துத்தான் மறுபடி நிரப்புவோம்.

எவர்சில்வரில் எந்த ரகம் என்று எதைக் காட்டிக் கேட்டாலும் “304 தான் அக்கா” என்பார்கள். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. காந்தம் 430 ரகத்தைக் காட்டிக்கொடுக்கும், அது ஒட்டும். 202, 304 இரண்டுமே பொதுவாக ஒட்டாது, அதனால் அந்த இரண்டில் எது என்று காந்தத்தால் சொல்ல முடியாது. 304-ல் நிக்கல் சுமார் 8 சதவீதம். 202-ல் அதைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். உப்பு, புளி, ஊறுகாய் வைப்பதானால் 304-க்காக நானும் மல்லுக்கு நிற்பேன். காய்ந்த அரிசிக்கு 202 போதும். தகடு கனமா, கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்குகிறதா, வாய் விளிம்பை உருட்டிய இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்பதைத்தான் பார்த்தேன்.

பெயர் வெட்ட வேண்டாம், 1, 2 என்று மட்டும் போடுங்கள் என்றதும் மெஷின்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். “தேதியாவது போடட்டுமா அக்கா?”

வீட்டில் புளி போட்டுத் தேய்த்தபோது துணி கறுப்பாக வந்தது. பாலிஷ் போட்ட மிச்சம்தான், பயப்பட ஒன்றுமில்லை. கறுப்பு நிற்கும்வரை கழுவி, ஒரு பகல் முழுக்க வெயிலில் கவிழ்க்காமல் வைத்தேன். கவிழ்த்தால் வாய் உருட்டில் தண்ணீர் தங்கிவிடும். அரிசியோடு காய்ந்த மிளகாய் நாலு, வசம்பு ஒரு துண்டு. சிலிண்டர் அடி வளையத்தின் துருக்கறை தரையில் ஏற்கெனவே இருந்ததால், டிரம்களுக்கு அடியில் ஒரு பலகை போட்டிருக்கிறேன், வீடு துடைக்கும் தண்ணீரும் படாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு தொல்லை உண்டு. ஒரு டிரம் காலியானதும் புதுச் சிப்பம் வாங்கினால் பாதிதான் கொள்ளும். இரண்டாவது டிரம்மில் நாலு கிலோ மிச்சம் இருக்கும்போது கடைக்குப் போன் போட்டு, அந்த மிச்சத்தை மேடை மேல் இருக்கும் தினப்படி டப்பாவுக்கு மாற்றிக்கொள்கிறோம்.