சுடாமலே காட்டலாம்: ஒரு திரித் துப்பாக்கி வீடியோ உருவான விதம்

தமிழில் பழைய துப்பாக்கிகளைப் பற்றி ஒரு சேனல் நடத்துகிறேன். அனுமதி எப்படிக் கிடைக்கிறது, வீடியோ தளத்தில் தடை வராதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். திரித் துப்பாக்கி, அதாவது புகையும் திரியால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பழைய துப்பாக்கி, பற்றிய வீடியோ எப்படித் தயாரானது என்று சொன்னால் பாதிக்குப் பதில் வந்துவிடும்.

1855-இல் தஞ்சாவூர் மராத்திய அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபின் அரண்மனை ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது, அதில் ஒரு பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அந்த ஆயுதக் கூடத்தைப் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். அவர்களை நிறுத்திவைக்க வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தேன்.

முதலில் கடிதம். எந்தப் பொருள், எத்தனை மணிக்கு, எதற்காக, வருமானம் வருமா வராதா, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுங்கள். ஃபிளாஷ், முக்காலி இரண்டும் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிட்டால் பேச்சு சுலபமாகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் படம் பிடிக்கக் கறுப்புத் துணியைக் கேமராவைச் சுற்றிப் பிடித்து, லென்ஸைக் கண்ணாடியை ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு பெரும்பாலும் போய்விடும்.

ஆனால் வெளித்தோற்றத்தை மட்டும் காட்டி என்ன பயன்? ஐரோப்பியத் திரித் துப்பாக்கியில் விசையமைப்பு பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும், பார்த்தாலே புரியும். இந்திய வகையில் அது மரக்கட்டைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. விசையை இழுத்தால், புகையும் திரியைப் பிடித்த வளைந்த கொக்கி கட்டையில் இருக்கும் பிளவு வழியாக நகர்ந்து, குழலின் பக்கத்தில் உள்ள வெடிமருந்துக் கிண்ணத்தைத் தொடும், அங்கே பற்றிய நெருப்பு சிறு துளை வழியே உள்ளே போகும். எவ்வளவு எளிமை, எவ்வளவு உறுதி! இதைக் காட்ட, பெரிதாக்கிய ஒரு மர மாதிரியைத் தச்சரிடம் செய்துவாங்கினேன், ஒரு பக்கம் வெட்டித் திறந்து உள்ளே தெரியும்படி. குழல் கிடையாது, வெடிமருந்து கிடையாது, மருந்து எப்படிக் கலப்பது என்பதும் என் வீடியோக்களில் எப்போதும் இருக்காது. என்னைக் கேட்டால், சுட்டுக் காட்டும் வீடியோவைவிட இதில்தான் அதிகம் புரிகிறது, ஏனென்றால் புகை வந்தபின் எதுவும் தெரியாது.

வீடியோ ஏறியதும் விளம்பரம் நிறுத்தப்பட்டது. முகப்புப் படத்தில் துப்பாக்கி பார்ப்பவரை நோக்கி இருந்தது, தளத்தின் தானியங்கிச் சோதனைக்கு அது போதும்போல. படத்தை மாற்றினேன், அருங்காட்சியகத்தின் பெயரையும் கல்வி நோக்கத்தையும் விவரக் குறிப்பின் முதல் வரியிலேயே போட்டேன், அப்புறம் மனிதர் பார்த்து முடிவு செய்யும்படி மேல்முறையீடு. சில நாளில் சரியானது.

அதன்பின் வந்த தலைவலி வேறு. “தாத்தா வீட்ல ஒண்ணு இருக்கு, என்ன விலை போகும்?” என்று கேட்பவர்களுக்கு நான் விலை சொல்வதே இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தில் பழைய துப்பாக்கிகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான். சுடக்கூடிய நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். நூறு வயது தாண்டியது 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடும், தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. ஆகவே விற்கும் யோசனையை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள்.