டோனி ரெயின்ஸின் தலை

தூக்கம் வராமல் போனில் பழைய மேட்ச் ஒன்றைப் போட்டேன். 1989 ஜனவரி 7, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து.

கார்னரிலிருந்து வந்த பந்து ஒரு தலையில் உரசி, தூரத்துக் கம்பத்தருகே நின்ற டோனி ரெயின்ஸிடம் வருகிறது. குனிந்து ஒரு முட்டு. கோல்!

முக்கிய லீக் எதிலும் இல்லாத சின்ன அணி சட்டன் யுனைடெட்டின் கேப்டன். வருடக்கணக்காக அதே கிளப். எதிரே அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனின் கவென்ட்ரி, 1987இல் இதே கோப்பையை வென்ற அணி.

சட்டனின் இரண்டாவது கோல் ஹான்லன். கொத்தனார் வேலை பார்த்தவர். 2-1, சட்டனுக்கு வெற்றி.

எனக்கென்னவோ கோலைவிட, திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போயிருப்பாரே, அதுதான் கண்ணில் நிற்கிறது. செங்கல் எடுத்துக் கொடுத்தவர் என்ன கேட்டிருப்பார்?

அப்புறம் மூன்றே வாரத்தில், அடுத்த சுற்றில், நார்விச் அணி சட்டனை எட்டு கோல் போட்டு வெளியே அனுப்பியது. சரி, போகட்டும்.

ரெயின்ஸின் அந்தத் தலைமுட்டலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.